ஷூட்டிங் முடிஞ்சா மைதானம் போச்சு

கிளாப் பலகை பிடிக்கிற வேலைக்கு ரெண்டு தகுதி போதும்: கை ஆடக் கூடாது, வாய் ஆடக் கூடாது. எனக்கு முதலாவது மட்டும்தான் இருந்தது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அதுவே பெரிசு என்று சேர்த்துக்கொண்டார்கள். யாருக்காவது எடுபிடி வேலை பார்த்து நொந்திருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான்.

சிவகாசியில் எங்கள் தெரு முஸ்லிம் பெண்பிள்ளைகள் பதினோரு பேர் ஃபுட்பால் ஆடுகிறோம். நான் லெஃப்ட் பேக். சென்னையிலிருந்து ஒரு குழு வந்து, “இது சமூகப் படம், உங்க கதையை நீங்களேதான் எடுக்கப்போறீங்க” என்றது. டைரக்டர் அக்கா நல்லவர்தான். ஆனால் நாங்களே எடுக்கிற படத்தில் நாங்கள் எங்கே நிற்கணும், எப்போது அழணும் என்பதை அவர்தான் சொல்வார். நான் அழச் சொன்னால் சிரித்தேன். அதனால்தான் பலகை.

கேட் திறந்தது

எங்களுக்கு ஆடத் தெருவை விட்டால் இடமில்லை. தெருமுனையில் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளியின் காலிமனை இருக்கிறது. ரெண்டு வருசமாகக் கேட்டோம். சீசனில் லோடு லாரி நிற்கும் என்பார். சீசன் இல்லாதபோது, லாரி வந்தாலும் வரும் என்பார். படக்குழு போய்க் கேட்டது, அன்றைக்கே பூட்டைத் திறந்துவிட்டார்.

அடுத்த மாதம் விருதுநகரில் எங்கள் முதல் மேட்ச். ஷூட்டிங்கோ பத்தே நாள். முதலாளி கேமராவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு எங்களிடம் தனியாகச் சொன்னார்: “ஷூட்டிங்குக்குத்தாம்மா குடுத்திருக்கேன், வெளையாட இல்ல. படம் முடிஞ்ச மறுநாள் லாரி உள்ள வந்துரும்.”

வில்லன் தேவை

படத்துக்கு, பந்தாடக் கூடாது என்று தடுக்கிற ஓர் அப்பா, எங்கள் பேச்சில் அத்தா, வேண்டுமாம். தெரு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் அச்சாபீஸில் கட்டிங் மெஷின் ஓட்டுகிற எங்கள் டீம் நசீமாவின் அத்தாவையே நடிக்கச் சொன்னார்கள். மகள் ஆடுகிற ஆட்டத்தை ஒருநாள்கூடத் தவறவிடாத மனுசன். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குப் பந்து?” என்று ஒரே வரிதான் வசனம்.

ஆறு டேக். ஒவ்வொரு தடவையும் கோபமாக ஆரம்பிப்பார், மகள் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிடுவார். ஏழாவதில் கையெடுத்துக் கும்பிட்டார்: “கோவிச்சுக்கிடாதீக அம்மா, பொய்யாத் திட்ட வரமாட்டேங்குது. இவ எடது காலால பந்தைத் தொடவே மாட்டா, வேணும்னா அதுக்கு நெசமாவே திட்டுறேன்.”

பறக்காத துணி

தலைத்துணி காற்றில் பறக்கிற மாதிரி ஒரு ஷாட். பெரிய ஃபேன் வந்தது. நாங்கள் நாலு ஊக்கு குத்தி இறுக்கித்தான் ஆடுவோம். ஊக்கை எடுக்கச் சொன்னார்கள். நசீமா கேட்டாள்: “அது பறந்தா நான் பந்தைப் பார்க்கவா, துணியைப் பிடிக்கவா?”

ஆழமான கனவு

எங்கள் கோல்கீப்பர் மும்தாஜ், தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறவள். அவளை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, மெல்லிசாக வெளிச்சம் விட்டு, “உன் கனவு என்ன?” என்று கேட்டார் டைரக்டர் அக்கா. “கோலுக்கு ஒரு நெட்டுக்கா. பந்து பின்னாடி முள்ளுக்குள்ள போயிருது, நாந்தான் பொறுக்கியாறேன்” என்றாள்.

அக்காவுக்குத் திருப்தியில்லை. இன்னும் ஆழமாக யோசிக்கச் சொன்னார். மும்தாஜ் கண்ணை மூடி நிஜமாகவே யோசித்தாள். பிறகு சொன்னாள்: “ரெண்டு நெட்டு.”

வேணுமென்றே

இனி என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பலகையில் ஷாட் நம்பரை மாற்றி எழுதினேன், குழம்பிப்போய் மறுபடி எடுத்தார்கள். கோல் போடு என்றால் நசீமா வெளியே அடித்தாள்; வெளியே அடி என்றால் கோல் போட்டாள். ஒவ்வொரு ஷாட்டும் பத்து டேக் போனது. நடுவில் விளக்கு மாற்றுகிற நேரமெல்லாம் எங்களுக்குப் பயிற்சி. பத்து நாள் படம் இருபது நாள் தாண்டியது.

கேமராமேன் அண்ணன் ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார். வேலை போச்சு என்று நினைத்தேன். என் பலகையைத் தட்டிச் சொன்னார்: “மேட்ச் என்னைக்குன்னு மட்டும் சொல்லு. அதுவரைக்கும் என் கேமராவுக்கும் உடம்பு சரியில்ல.”

பூசணிக்காய்

மேட்ச் நடந்தது. நாலுக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஒன்றுக்கு நாங்கள் போட்ட கூச்சலில், ஜெயித்தவர்களே குழம்பிப்போனார்கள். அடுத்த மேட்சுக்கு அங்கேயே பேர் கொடுத்துவிட்டு வந்தோம், எங்கே ஆடிப் பழகப்போகிறோம் என்று தெரியாமலே.

கடைசி நாள் ஷூட்டிங் முடிந்தால் பூசணிக்காய் உடைப்பது சினிமாக்காரர்கள் வழக்கம். அதை வாங்கி, முந்தின நாளே என்னிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். வீட்டில் வைத்தேன். அம்மா தெரியாமல் சாம்பாரில் போட்டுவிட்டாள். நான் தெரிந்தே சாப்பிட்டேன். ரயிலுக்கு நேரமாச்சு என்று குழு உடைக்காமலே கிளம்பிவிட்டது.

மறுநாள் லாரி வந்தது. கேட்டைத் திறக்கப் போன வாட்ச்மேனிடம், இன்னும் பூசணிக்காய் உடைக்கலையே என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? மனுசன் பதறிப்போய் முதலாளிக்கு போன் போட்டார். ஒரு சின்ன மெஷின் வாங்கினாலும் பூசணிக்காய் உடைக்காமல் பட்டனைத் தொடாதவர் அந்த முதலாளி. போனில் அவர் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது: “லாரியத் திருப்புலே! அவுக வந்து ஒடைக்கிற வரைக்கும் பிள்ளைக அங்கன ஓடிக்கிட்டே இருக்கட்டும், வெடிமருந்து வச்சுத் தொழில் பண்ற எடத்துல எனக்கு வம்பு வேண்டாம்!”

எங்களைத் தடுக்கிறவர் யாரென்று ஒரு மாதம் தேடிய படத்துக்கு ஆள் கிடைக்கவில்லை, லாரியைத் தடுத்தது எங்க வீட்டுச் சாம்பார் என்பதை முதலாளியிடம் சொல்ல எனக்கும் அடுத்த மேட்ச் முடிகிறவரை மனசில்லை.