தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையும் மருந்து எழுதாத டாக்டரம்மாவும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவள் நான். எழுதினால் முருகனுக்கு ஆகாததாகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், என் நாத்தனார் வாசித்தால் என்ன கூத்து நடக்குமோ என்பது இன்னொரு பக்கம். இப்போது பயத்தைவிட எரிச்சல் பெரிதாகிவிட்டது. நடந்ததை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள்.

எழுபதுகளில் தூத்துக்குடியில் எங்களுக்குப் பலசரக்குக் கடை, பின்கட்டில் வீடு. எனக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாகப் பெண் பிறந்ததும், எங்கள் வழக்கப்படி திருச்செந்தூரில் முருகன் சந்நிதியில் கிடத்தி, "இது உன் பிள்ளை" என்று கொடுத்துவிட்டோம். நாத்தனார் ஒரு நாழித் தவிடு கொடுத்து அவளைத் திரும்ப வாங்கினாள். எங்கள் பிள்ளை என்று எமனுக்குத் தெரியக்கூடாதல்லவா? பிள்ளை பிழைத்தாள். அது முருகன் அருள்தான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது.

அவளுக்கு நாலு வயதில் தம்பி பிறந்தான். பிடித்தது சனியன். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் இவளைச் சீண்டுவதே வேலை. நாத்தனார்தான் முதல் ஆள்.

"ஏளா தவிடு, இவன்தான் நெசமான பிள்ள. ஒன்ன நான்லா தவிட்டுக்கு வாங்கியாந்தேன்! சேட்ட பண்ணுனேன்னா ஒன்னயக் குடுத்துட்டு என் தவிட்டத் திருப்பி வாங்கிருவேன், ஆமா."

எல்லாரும் சிரிப்பார்கள். பிள்ளையும் சிரிக்கும்.

பிறகு அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். இரண்டு வாய் வாங்குவாள், மூன்றாவதற்குப் பல்லைக் கடித்துக்கொள்வாள். கை வளையல் முழங்கைக்கு மேலே ஏறியது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கும் என்று தொக்கம் எடுத்தோம், திருநீறு போட்டோம், டானிக் ஊற்றினோம். இதுவும் போய்விடுமோ என்று ராத்திரியில் எழுந்து எழுந்து அவள் மூச்சைப் பார்த்தேன்.

அந்தச் சமயம் கடற்கரைப் பக்கம் ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். குழந்தையின் உடம்போடு மனசையும் பார்ப்பார் என்றார்கள். அப்படி ஒரு டாக்டரை எங்கள் ஊர் அதற்கு முன் கண்டதில்லை. "பால் பல்லு விழாததுக்கு ஏது மனசு?" என்று சிரித்த ஊர் இது.

போனால், அந்த அம்மா ஊசியும் போடவில்லை, மருந்தும் எழுதவில்லை. பாயில் உட்கார்ந்து சிப்பி, ஒரு சட்டி மணல், துணிப் பொம்மை, சிரட்டைத் தராசு எல்லாவற்றையும் பரப்பிவிட்டு, என் பிள்ளை விளையாடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தால், "நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா" என்பார். மறு தடவையும் அதேதான்.

"வெளயாட எங்க வீட்டுல எடம் இல்லையா? இதுக்கு ஒரு டாக்டரா?" என்றாள் நாத்தனார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மூன்றாவது தடவை கேட்டேவிட்டேன். "பிள்ள எலும்பாப் போறா. நீங்க பாத்துக்கிட்டே இருக்கீய. ஒரு சொட்டு மருந்து தரப்பிடாதா?"

அவர் பிள்ளை பக்கம் கையைக் காட்டினார். அங்கே என் மகள் தராசின் ஒரு தட்டில் பொம்மையையும் மறு தட்டில் மணலையும் வைத்திருந்தாள். கடைக்காரர் மகள் அல்லவா? பொம்மைப் பக்கம் தாழ்ந்தது. பொம்மையை எடுத்துக் கன்னத்தில் ஒரு தட்டு தட்டினாள்.

"பாப்பா ஏன் அடி வாங்குது?" என்றார் டாக்டரம்மா.

"தின்னு தின்னு கனமாயிட்டா. அம்மைகிட்ட அம்புட்டுத் தவிடு கெடயாது. பொறவு எப்படி வாங்குவா?"

கனம் கூடினால் தன்னைத் திரும்ப வாங்க என்னிடம் தவிடு போதாது என்றுதான் என் பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறாள். சந்நிதியில் கொடுத்து வாங்கியதையும் வீட்டில் நடக்கும் கேலியையும் டாக்டரம்மாவிடம் கொட்டிவிட்டேன்.

முருகனுக்கு நாங்கள் செய்த அந்த நேர்ச்சையைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. "அது உங்களுக்கும் சாமிக்கும் உள்ளது. ஆனா தவிட்டுக்கு வாங்கின கதைய மட்டும் பிள்ளைக்குச் சொல்லியிருக்கீங்க. ஏன் அப்படிச் செஞ்சீங்கன்னு யாராவது சொன்னீங்களா? அந்தக் கேலிய இன்னையோட நிறுத்துங்க. அதுதான் மருந்து" என்றார்.

நிறுத்துவது அவ்வளவு லேசா? வீட்டுக்குள் நுழையும்போதே நாத்தனார், "வாளா தவிடு" என்றாள்.

"மதினி, இன்னொருவாட்டி அந்தப் பேச்சு வந்துது, நான் பிள்ளயத் தூக்கிட்டு எங்க அம்மை வீட்டுக்குப் போயிருவேன்."

"சும்மா வெளயாட்டுக்குச் சொன்னா என்னளா கொறஞ்சிருச்சு?"

"அவ கையப் பாருங்க, என்ன கொறஞ்சிருக்குன்னு தெரியும்" என்றேன். அந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. இரண்டு மாதம் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

பிள்ளையை மடியில் வைத்துச் சோறு பிசைந்தபடி சொன்னேன். "ஒனக்கு முன்ன ரெண்டு பேர் வந்து போயிட்டாவ. நீயும் போயிரப்பிடாதுன்னுதான் முருகன்ட்ட குடுத்து வாங்கினோம். வேண்டாம்னு இல்ல தாயி, நீ வேணும்னுதான்."

அவள் யோசித்தாள். "அப்ப தவிட்டத் திருப்பிக் கேக்க மாட்டாவளா?"

"முருகன் கேக்க மாட்டாரு."

"அத்த?"

"கேட்டுப் பாக்கட்டும்!" என்றேன். அன்றைக்கு மூன்றாவது வாய் வாங்கினாள். நாலாவதைத் துப்பினாள். உடம்பு தேற வெகுநாள் ஆயிற்று.

இப்போது அந்த டாக்டரம்மா பிள்ளையை மயக்கி வசியம் செய்தார் என்கிறார்கள். நேர்ச்சையே தப்பு என்று சொன்னாராம், அப்படியும் ஒரு பேச்சு. இரண்டும் பொய். முருகன் உயிரைக் கொடுத்தான். அந்த அம்மா பிள்ளை பேசியதைக் கேட்டார். இதை யாரிடமாவது சொல்கிறவர்கள் தயவுசெய்து இப்படியே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக, தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை உள்ள வீடுகளில், அந்தப் பிள்ளையின் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.