சூப் ஆறிப்போன ரயில்

அவரை எல்லோரும் காது டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் அவர் டாக்டர் இல்லை. மருத்துவமனைக்கு எதிர்க் கட்டடத்து மாடியில், காது கேட்கும் கருவி பொருத்தித் தரும் கடையில் வேலை. "நான் டாக்டர் இல்லைங்க" என்று ஆரம்பத்தில் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார். வந்தவர்களுக்கு அதுவும் கேட்கவில்லை. பெயர் நிலைத்துவிட்டது.

அந்த வேலை அவருக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருந்தது. யாரிடம் பேசினாலும் எதிரில் வந்து நிற்பார். முகத்தில் வெளிச்சம் விழும்படி பார்த்துக்கொள்வார். பிறகு வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திப் பேசுவார். கடையில் மட்டும் இல்லை, பால் வாங்கப் போனாலும் அப்படித்தான். "என்னை என்ன மண்டுன்னு நினைச்சீங்களா?" என்று பால்காரர் ஒரு தடவை சண்டைக்கே வந்துவிட்டார். கருவியை மாட்டிவிட்டு அவர் பாடும் பாட்டும் மாறியதே இல்லை.

"வலது காதுல இருக்கற பொத்தானைத் தொட்டா சத்தம் கூடும். இடது காதுல தொட்டா குறையும். வலது கூட்டும், இடது குறைக்கும். மறந்துடாதீங்க."

தூக்கத்தில்கூட இதைத்தான் சொல்கிறார் என்பது அவர் மனைவியின் புகார்.

வீட்டுக் கூடத்தில், ஜன்னலிலிருந்து புத்தக அலமாரி வரைக்கும் நீளும் ஒரு மேஜை. அதன்மேல் வளைந்து வளைந்து ஓடும் தண்டவாளம். பொம்மை ரயில் சேர்க்கிறவர்கள் பெரும்பாலும் எஞ்சின் பைத்தியங்களாக இருப்பார்கள். இவருக்கு எஞ்சின் என்பது இழுக்கிற மாடு, அவ்வளவுதான். இவர் உயிரை விடுவது பெட்டிகளுக்காக. அதிலும் சாதாரணப் பெட்டிகள் ஆகாது. வயிற்றுக்குள் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ஒலிபெருக்கி வைத்து, சத்தம் போடுகிற பயணிகள் பெட்டிகளாக இருக்க வேண்டும். படுக்கைப் பெட்டி ஓடினால் உள்ளே ஒருவன் குறட்டை விடுவான், நடுவில் ஒரு குழந்தை அழும். முதல் வகுப்புப் பெட்டி நின்றால் கதவு திறந்து மூடும், கண்டக்டர் விசில் ஊதுவார். சாமான் பெட்டியில் யாரோ ஏற்றி அனுப்பிய நாய் ஒன்று இறங்க வேண்டிய ஊர் எப்போது வரும் என்று குரைத்துக்கொண்டே போகும்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுடைய பொறுமை நாய் வந்த அன்று தீர்ந்துபோனது.

"ஏங்க, நாள் முழுக்க பிள்ளைங்க போடற கூச்சலைக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்தா, இங்க ஒருத்தன் குறட்டை விடறான், நாய் குரைக்குது. இது வீடா, பிளாட்பாரமா?"

"அதுதானே இதுல அழகே..."

"அழகைக் கண்ணால பாத்துக்குங்க. சத்தமில்லாம ஓடறதா இருந்தா ரயில் இங்க இருக்கட்டும். இன்னொரு தடவை அந்த நாய் குரைச்சுச்சு, மொத்தத்தையும் மூட்டை கட்டி தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடுவேன். பிள்ளைங்க விளையாடட்டும்."

மச்சினியின் பிள்ளைகள் கைக்குப் போன எந்தப் பொருளும் முழு உருவத்தோடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. மனைவியின் வாய் சொன்னால் கை செய்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். "சரி, இனிமே சத்தம் வராது. சத்தியம்" என்றார். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு எல்லாவற்றின் வாயையும் அடைத்தார். அதற்குப் பிறகு நாலைந்து வருஷம் ரயில் எழவு வீட்டுக்குப் போகிறதைப் போல ஓடியது.

இப்படியே இருந்திருந்தால் நமக்குக் கதை இல்லை. பல வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்த உணவகப் பெட்டி ஒன்று, எங்கோ குளிர் நாட்டில் ஒரு கிழவர் வீட்டுப் பரணிலிருந்து விற்பனைக்கு வந்தது. வாங்காமல் விடுவாரா? பார்சலைப் பிரித்தார். உள்ளே குட்டி மேஜைகள், மேஜைக்கு ஒரு விளக்கு. தண்டவாளத்தில் வைத்தார். ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு அடைத்துவிடலாம் என்று சுவிட்சைப் போட்டார். மனைவி சமையலறையில் இருந்தாள்.

பீங்கான் கோப்பைகள் உரசின. கரண்டி விழுந்தது. ஒரு பெண் சிரித்தாள். பிறகு ஓர் ஆள் எந்த ஊர் மொழியிலோ சர்வரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினான். ஒரு வார்த்தைகூடப் புரியாவிட்டாலும் இது சூப் ஆறிப்போன சண்டைதான் என்று அவர் அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டார். வேறு எதற்கு ஒரு மனிதன் இப்படிக் கொதிப்பான்?

சண்டை உச்சத்தில் இருக்கும்போது மனைவி விடைத்தாள் கட்டோடு கூடத்துக்குள் வந்தாள். ஓடுகிற பெட்டியைக் கவிழ்த்து அடைக்க நேரம் இல்லை. அவள் மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"புதுசா? விளக்கெல்லாம் வெச்சிருக்கான். ரொம்ப அழகா இருக்குங்க."

அவ்வளவுதான். சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்த ஆரம்பித்துவிட்டாள். அவள் முழங்கைக்குப் பக்கத்தில் சூப் சண்டை நடந்துகொண்டே இருந்தது.

மறுநாள் அவர் பயந்து பயந்து குறட்டைக்காரனை எழுப்பினார். ஒன்றும் இல்லை. அடுத்த நாள் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு நாயையே அவிழ்த்துவிட்டார். அப்போதும் அவள் பேனா நிற்கவில்லை. மனசு இரங்கிவிட்டாள், வாயால் சொல்லத்தான் கௌரவம் பார்க்கிறாள் என்று அவர் முடிவு கட்டினார். நாமாகப் பேச்செடுத்துக் கெடுப்பானேன் என்று அவரும் வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் ஒரே தேனும் பாலும்தான். நன்றிக்கடனாக அவர் காலையில் அவளுடைய ஸ்கூட்டரைத் துடைத்து வைத்தார். அவளோ கடைவீதிக்குப் போனால் தண்டவாளத்து ஓரத்தில் நட்டுவைக்கக் குட்டி மரங்கள் வாங்கிவந்தாள். பள்ளிக்கூடத்துப் பேச்சும் மாறிப்போயிருந்தது.

"இந்த வருஷப் பிள்ளைங்க தங்கம்ங்க. நான் போர்டுல எழுதறப்ப பின்னாடி ஒரு சத்தம் கிடையாது."

"உன் கை ராசி" என்று அவரும் பூரித்துப்போனார்.

ஒரு விடுமுறை நாளில் மச்சினி வந்தாள். கூடத்தில் ரயில் முழுக் கச்சேரியோடு சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா தங்கையிடம் பெருமையாகச் சொன்னாள்.

"உங்க மாமாகிட்ட எவ்வளவோ குறை இருக்கலாம்டி. ஆனா சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாரு. சத்தம் வேண்டாம்னு ஒரு தடவைதான் சொன்னேன். அன்னையிலேர்ந்து அந்த ரயில் கப்சிப். பாரு, எவ்வளவு அமைதியா போகுது!"

சாமான் பெட்டி மூவரையும் குரைத்துக்கொண்டே கடந்து போனது.

மச்சினி அக்காவைப் பார்த்தாள், ரயிலைப் பார்த்தாள், கடைசியில் மாமாவைப் பார்த்தாள். அவர் திருதிருவென்று விழித்தபடி எழுந்துபோய் ரயிலை நிறுத்தினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? ஓடட்டுமே" என்றாள் மனைவி.

வழியனுப்பப் போனபோது மச்சினி வாசலில் அவரை மடக்கினாள். "மாமா, என்ன இது? அக்காவுக்குக் காது கேக்கலையா? நீங்கதானே ஊருக்கே காது டாக்டர்? நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

இப்போது யோசித்தால் எல்லாம் வெட்டவெளிச்சமாக இருந்தது. வயசாகும்போது முதலில் உதிர்வது மெல்லிய கீச்சுச் சத்தங்கள்தான். கோப்பை உரசல், விசில், கடைசி பெஞ்சின் கிசுகிசு. அவ்வளவு சின்ன ஒலிபெருக்கியிலிருந்து வருகிற நாயும் குறட்டையும் அந்த ரகம்தான். அவர் பேச்சு மட்டும் அவளுக்கு எப்படிக் கேட்டது என்றால், அவர்தான் வீட்டிலும் எதிரே வந்து நின்று, முகத்தைக் காட்டி, நிறுத்தி நிறுத்திப் பேசுகிற ஆளாயிற்றே! வேறு எந்த வீட்டிலாவது இருந்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும்.

சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். சொன்னால் கருவி மாட்ட வேண்டும். மாட்டினால் நாய் கேட்கும். நாய் கேட்டால் சத்தியம் காற்றில் போனதும் தெரியும். ரயில் மச்சினி வீட்டுக்குப் போகும். அதுகூடப் போகட்டும், சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர் என்று அவள் நம்பிய அந்த மனிதரும் கூடவே போய்விடுவார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் வாயால் அப்படி ஒரு நல்ல பெயர் அவருக்குக் கிடைத்ததே இல்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினார். அடுத்த வாரம் வந்தது. அதையும் தள்ளினார்.

பிறகு ஒரு நாள் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு இருக்கா. அவ அம்மா இன்னைக்கு வந்திருந்தாங்க. பொண்ணு எத்தனை தடவை சந்தேகம் கேட்டாலும் நான் திரும்பியே பாக்கறதில்லையாம். டீச்சருக்கு என்னைப் பிடிக்கலைன்னு வீட்டுல அழுதாளாம்." அவள் குரல் உடைந்தது. "நான் எந்தப் பிள்ளையையாவது ஒதுக்குவேனா? நீங்களே சொல்லுங்க. அவ கேக்கவே இல்லைங்க!"

அவருக்குத் தன்மேலேயே அப்படி ஒரு அருவருப்பு வந்தது. ஒரு பொம்மை நாய்க்காக இவளை இந்த நிலைமையில் உட்கார வைத்துவிட்டோமே! நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு, முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு கேட்டிருக்கா. உனக்குத்தான் கேக்கலை. நாளைக்கு என்கூட கடைக்கு வா."

"எனக்கா? போங்க, உங்களுக்கு யாரைப் பாத்தாலும் செவிடு" என்று அவள் எகிறினாள். ஆனால் மறுநாள் வந்தாள். அந்தப் பெண்ணின் அழுகை அவளை விடவில்லை.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். முதலில் சரியாக அமுக்கினாள். கீச்சுச் சத்தங்கள் வந்ததும் கை ஓய்ந்தது. இயந்திரம் கத்திக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து, "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றாள். அவர் தலையைக் குனிந்து இயந்திரத்தில் எதையோ தேடுகிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கருவியை மாட்டிவிட்டு வழக்கமான பாட்டைப் பாடினார். "வலது கூட்டும், இடது குறைக்கும்." அவள் தன் சேலை முந்தானையைக் கசக்கிக் காதருகே பிடித்துக் கேட்டாள். சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தாள். "உங்க செருப்பு கீச்கீச்சுங்குதே, எண்ணெய் போடக் கூடாதா?" என்றாள்.

அன்று காலையே பெட்டிகளைக் கவிழ்த்து சுவிட்சுகளை அணைத்துவிட்டிருக்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்காது. அவர் விரல் சுவிட்ச் வரைக்கும் போனதும் உண்மை. ஆனால் அணைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, ரயிலை ஓட்டினார்.

குறட்டை வந்தது. விசில் வந்தது. நாய் வந்தது. சூப் சண்டையும் வந்தது. அவள் அசையாமல் முழுசாகக் கேட்டாள்.

"இது எப்பலேர்ந்து?"

"சாப்பாட்டுப் பெட்டி வந்த அன்னையிலேர்ந்து."

"தங்கச்சிகிட்ட உங்களைப் பத்தி அவ்வளவு பெருமையா சொன்னேனே, அப்பவும்?"

"அப்பவும் குரைச்சுக்கிட்டுதான் இருந்துச்சு."

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஊருக்கெல்லாம் காது பார்க்கிறவர் கதவில் காதை வைத்துக் கேட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே வந்தபோது, "ரயிலைப் பத்தி நாளைக்குச் சொல்றேன்" என்றாள். குற்றவாளிக்கு அதற்குமேல் கேட்க வாய் ஏது? மறுநாள் அவள் பள்ளிக்குப் போனதும் அட்டைப்பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கி, அவற்றில் பாதிக்குள் பஞ்சு போட்டுத் தயாராகவே வைத்துவிட்டார்.

சாயங்காலம் அவள் புயலாக வந்தாள்.

"தங்கம்னு சொன்னேனே, அத்தனையும் வாலில்லாத குரங்குங்க! போர்டு பக்கம் திரும்பினா சந்தைக்கடை. ஒருத்தன் பாட்டே பாடறான். இத்தனை நாளா என் முதுகுக்குப் பின்னாடி திருவிழா நடந்திருக்கு!" சொல்லும்போதே சிரித்துவிட்டாள். பிறகு குரல் தணிந்தது. "அந்தப் பொண்ணு இன்னைக்கும் கேட்டா. உடனே திரும்பினேன். அவ முகத்தைப் பாத்திருக்கணுமே நீங்க."

விடைத்தாள்களோடு ரயில் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அட்டைப்பெட்டிகள் அவள் கண்ணில் பட்டன.

"ஓட்டுங்க, பாப்போம்" என்றாள்.

ஓட்டினார். கோப்பைகள் உரசின, கரண்டி விழுந்தது, அந்த ஆள் சர்வர்மேல் பாய ஆரம்பித்தான். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். கை காதை நோக்கி உயர்ந்தது. இடது காதுக்குப் போனால் முடிந்தது கதை.

கை வலது காதுக்குப் போனது. ஒரு தடவை தொட்டாள். இன்னொரு தடவையும் தொட்டாள்.

"யாருங்க அது? எதுக்கு இப்படிக் கத்தறான்?"

"சூப் ஆறிப்போச்சாம்" என்றார் அவர்.

"பாவம்" என்று அவள் பேனாவை எடுத்துக்கொண்டாள். "கத்தட்டும்."