சவ்வீரத்துக்கு முறிவு

கிடர்பூர் டிராமில் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் மடியில் ஒரு புட்டி இருந்தால் போதும். மஹாதேவனின் கழுத்து நீண்டுவிடும். "என்ன ஸார் அது, கார்பாலிக்கா? ஜாக்கிரதை. வயத்துக்குள்ளே போச்சுன்னா பேதியுப்பைக் கரைச்சுக் குடிக்கணும். நாழியாக்கப்படாது." புட்டிக்காரர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார், அவர் இறங்க வேண்டிய இடம் அது அல்ல என்றாலும். ஓர் உயிரைக் காப்பாற்றிய திருப்தியோடு மஹாதேவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வயது நாற்பத்திரண்டு. தஞ்சாவூர்க்காரர். மருந்துச் சரக்கு இறக்குமதி செய்யும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா. கோட்டின் இடது பையில் கடுகுப் பொடி, வலது பையில் மக்னீஷியா, உள் பையில் கரித்தூள். அந்தக் கோட்டை வண்ணான் தனியாகத்தான் வெளுக்கிறான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாயசத்தில் கை வைக்கும் நேரம் பார்த்துப் பாஷாணத்தைப் பற்றி ஆரம்பிப்பார்.

"முறிவுங்கறது மந்திரமில்லை ஓய். ஆஸிட்டோட சுண்ணாம்பு சேர்ந்தா ரெண்டும் அடிச்சுண்டு செத்துப்போறது. மனுஷன் பொழைச்சுக்கறான். அவ்வளவுதான்."

வங்காளத்துக்குப் பிழைக்க வந்த பவானிப்பூர்த் தமிழர்களுக்குள் பாம்புக்கடிக்கு மந்திரிப்பவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். இதுவரை ஒரு கடியும் அவர்களிடம் குணமானதில்லை. மூவருக்கும் இவரைவிட மரியாதை அதிகம்.

ஒரு கப்பலின் மருந்துப் பெட்டி மூடிக்குள் ஒட்டியிருந்த விஷமுறிவு அட்டவணையை மஹாதேவன் தமிழாக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கையால் பிரதி எடுத்து, இருபத்தேழு தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுத்தார். நல்ல காரியம். மொழிபெயர்ப்பில்தான் சற்று ஆசாரம் கலந்துவிட்டது. பிராந்தி என்றிருந்த இடமெல்லாம் சுக்குக் கஷாயம் ஆயிற்று. சவ்வீரம் என்கிற பாதரச விஷத்துக்கு முட்டையின் வெள்ளைக்கரு, அது அகப்படாவிட்டால் பால் என்று கப்பல்காரன் எழுதியிருந்தான். மஹாதேவன் பாலை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"அடுக்களையிலே மாட்டற காகிதம். பக்கத்திலே ஸ்வாமி படம் வேறே. அந்த வார்த்தையை எப்படி எழுதறது?"

அபினுக்குக் கெட்டியான காப்பி என்ற வரியில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. எல்லா வீட்டிலும் மனப்பாடமான வரி அது ஒன்றுதான்.

போன தை மாதம் அடுத்த வீட்டு வெங்கடசுப்ரமணியனின் தகப்பனாருக்குத் திதி வந்தது. வெங்கடசுப்ரமணியன் பாங்கில் உத்தியோகஸ்தர், சுத்தத்தில் கண்டிப்பு. பிராமணர்கள் வந்து உட்காரும் வீட்டில் மூட்டைப்பூச்சி இருக்கலாமா? சவ்வீரத்தை வெந்நீரில் கரைத்து முதல்நாள் கட்டில் சந்துகளிலெல்லாம் விட்டார். மீந்ததைப் புட்டியில் ஊற்றிக் கொல்லை மாடப்பிறையில் வைத்தார். பக்கத்தில் அதே மாதிரிப் புட்டியில் கங்கா ஜலம். இரண்டிலும் சீட்டு ஒட்டவில்லை. சுத்தம் வேறு, ஜாக்கிரதை வேறு.

அவர் மனைவி நாகலக்ஷ்மி விடியுமுன் குளித்து, ஈரப் புடவையோடு அடுப்பின் முன் நின்றவள். பிராமணர்கள் உண்டு எழும்வரை அவள் வாயில் ஒரு சொட்டும் படக்கூடாது. இறந்துபோன மாமனாருக்குப் பசிக்குமென்று வீடே கவலைப்பட்டது. உயிரோடிருக்கும் மருமகளின் தாகத்தைக் கவனிக்க அன்று யாருக்கும் ஒழிவில்லை. பகல் இரண்டு மணிக்கு அவள் கொல்லைக்குப் போனாள். கங்கா ஜலத்துக்குத் தோஷமில்லை என்று புட்டியைத் தூக்கி ஒரு வாய் விழுங்கினாள்.

அலறல் கேட்டு வெங்கடசுப்ரமணியன் ஓடிவந்து, புட்டியைப் பார்த்து, அட்டவணையைப் பார்த்தார். 'சவ்வீரம்: பால்.' வீட்டுப் பாலெல்லாம் திரட்டுப்பாலாகச் சுண்டிக்கொண்டிருந்தது. பிதுர்க்களுக்கென்று எடுத்துவைத்த அரை டம்ளர்தான் பாக்கி. அதை எடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார், பிறகு எடுத்தார். குடித்த பால் ரத்தக் கோடுகளோடு வெளியே வந்தது. அதற்குள் மஹாதேவன் வேலியைத் தாண்டி வந்துவிட்டார்.

"பால் குடுத்தாச்சு ஓய், கேக்கலையே! வேற என்ன?"

"வேற... ஒண்ணு இருக்கு. வெள்ளையா இருக்கும்."

"சுண்ணாம்பா?"

"இல்லை. மேலே ஓடு. உள்ளேதான் வெள்ளை."

"தேங்காயா? வாயைத் திறந்து சொல்லுமேன், பாவி மனுஷா! அவ போயிண்டிருக்கா!"

உள்ளேயிருந்து புரோகிதர் குரல் கொடுத்தார்: "யஜமான், பிராமணா இலையிலே உக்காந்தாச்சு. சீக்கிரம் வரணும்."

மஹாதேவன் 'மு...' என்று ஆரம்பித்து, புரோகிதர் குரல் வந்த பக்கம் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டார். அப்போது மதில்மேல் ஒரு தலை தெரிந்தது. பின்வீட்டு வங்காளி அம்மாள் சாருபாலா. தெருவுக்கே அவள் பௌதி, அதாவது அண்ணி. "கீ ஹோலோ?" என்றாள், என்ன ஆயிற்று என்று.

"டிம்!" என்று கத்தினார் மஹாதேவன். "ஹாஷேர் டிம், பௌதி! ஷீக்ரி!"

வாத்து முட்டை, சீக்கிரம். தமிழில் தொண்டைக்குள் அடைத்துக்கொண்டு நின்றது வங்காளத்தில் தடையில்லாமல் வெளியே வந்தது. வாத்து முட்டை என்று குறிப்பிட்டுக் கேட்டதிலும் அவர் கெட்டிக்காரர்; கோழி முட்டையைப் பௌதியும் வீட்டுக்குள் விடமாட்டாள். ஆசாரத்துக்கு ஒவ்வொரு ஜாதியிலும் ஒவ்வொரு பறவை.

பௌதி முந்தானையில் நான்கு முட்டை கொண்டுவந்தாள். ஒன்றை வாங்கிய மஹாதேவன் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார், மூடி எந்தப் பக்கம் என்று தேடுகிறவர் போல. பதினைந்து வருஷமாக அதன் குணத்தை அறிந்தவர். கையால் தொட்டது அன்றுதான். பௌதி அதைப் பிடுங்கி, சாக்கடை விளிம்பில் தட்டி உடைத்து, மஞ்சளை ஒதுக்கி வெள்ளையை டம்ளரில் விட்டாள். மஹாதேவன் தண்ணீர் விட்டுக் கலக்கினார்.

"கொல்லையோட இருக்கட்டும்! உள்ளே கொண்டுவராதேயும்!" என்றார் வெங்கடசுப்ரமணியன், நிலைப்படியைத் தாண்டாமல்.

"அம்மா, இது வந்து..." என்று மஹாதேவன் தயங்கினார்.

"என்னன்னு சொல்ல வேண்டாம் மாமா," என்றாள் நாகலக்ஷ்மி. குரல் கிழிந்திருந்தது. "குடுங்கோ."

குடித்தாள். வெள்ளைக்கரு சவ்வீரத்தைப் பிடித்துக்கொண்டு தயிர்போல் திரிந்துவிடும். திரிந்தது குடலை அரிக்காது. ஆனால் வயிற்றில் தங்கவிடாமல் உடனே வெளியே கொண்டுவர வேண்டும். கடுகுப் பொடி அதற்கு. நான்கு முட்டையும் அப்படிப் போய் வந்தன. பிறகு குதிரை வண்டி, ஆஸ்பத்திரி, பன்னிரண்டு நாள். முட்டைதான் காப்பாற்றியது என்றார் டாக்டர். உள்ளே வெந்த புண் ஆற ஒரு மாதமாகும், அதுவரை கஞ்சி தவிர வேறெதுவும் தொண்டையில் இறங்கக்கூடாது என்றும் சொன்னார்.

பெரியவர்கள் கூடினார்கள். கங்கா ஜலத்துக்குப் பக்கத்தில் விஷத்தை வைத்தவருக்கு எந்தச் சாஸ்திரத்திலும் பிராயச்சித்தம் சொல்லப்படவில்லையாம். முட்டை உண்டவளுக்கும் கொடுத்தவருக்கும் விரிவாகச் சொல்லியிருக்கிறதாம். பத்தொன்பது வீடுகள் அட்டவணையைக் கழற்றித் திருப்பியனுப்பின. அதில் முட்டையே இல்லை என்பதை ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை.

நாகலக்ஷ்மி திரும்பி வந்த மறுநாள் கூடத்தில் ஹோமம். பால், தயிர், நெய்யோடு பசுவின் மூத்திரமும் சாணமும் கலந்த பஞ்சகவ்யம் இரண்டு வெள்ளிக் கிண்ணங்களில் வந்தது. மஹாதேவன் பூணூலை மாற்றிக்கொண்டு, கண்ணை மூடி, தன் பங்கைக் குடித்துவிட்டார். சுவரில் சாய்ந்திருந்த நாகலக்ஷ்மி தன் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள்.

"அவளுக்கு வேண்டாம்," என்றார் மஹாதேவன் மெதுவாக. "புண் ஆறலை. டாக்டர் சொல்லியிருக்கார்."

"டாக்டர் மிலேச்சன்," என்றார் புரோகிதர். "கோமூத்திரத்துக்கு ஆறாத புண்ணா? கிண்ணம் காலியாகணும் ஓய். காலியாகாட்டா அவ அடுக்களைக்குள்ளே காலெடுத்து வைக்கப்படாது."

வெங்கடசுப்ரமணியன் ஹோமத்தில் இன்னொரு கரண்டி நெய் விட்டார். நாகலக்ஷ்மி கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோனாள்.

மஹாதேவன் கையை நீட்டி அதை அவள் கையிலிருந்து வாங்கினார். ஒரே மூச்சில், அடி மண்டியும் விடாமல் குடித்தார். மேல்துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டு, காலிக் கிண்ணத்தைப் புரோகிதருக்கு எதிரே கவிழ்த்து வைத்தார்.