சிவப்புச் சட்டை கேட்ட வீடு

கிறிஸ்து பிறந்த நத்தார் திருநாள் கிட்டினால் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பெண்கள் சங்கத்துக்கு ஒரு வேலை வந்துவிடும். வெளிநாடுகளில் இருக்கும் ஊர்க்காரர் காசு அனுப்புவார்கள். இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் நாங்கள் உடுப்பு வாங்கிக் கொடுக்க வேண்டும். என்ன வேண்டும் என்று பிள்ளைகளே ஒரு துண்டில் எழுதித் தருவார்கள். ஒரு பெடியன், “காற்சட்டை, ஆனால் அண்ணாவுடையது வேண்டாம்” என்று எழுதியிருந்தான். இப்படியான துண்டுகளை எறிய மனம் வராது. என் அலுமாரியில் ஒரு கட்டு கிடக்கிறது.

அந்த வருசம் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒன்று எழுதியிருந்தது: “சிவப்புச் சட்டை. நீளக் கை.”

அந்தப் பிள்ளையின் தகப்பன் ஐப்பசியில் கடலுக்குத் தொழிலுக்குப் போனவர். திரும்பவில்லை. வள்ளமும் இல்லை, ஆளும் இல்லை. கடற்படை தேடியது, எங்கள் ஆட்களும் மூன்று நாள் தேடினார்கள். எண்ணெய்க் கலன் ஒன்று மட்டும் கரையொதுங்கியது. எங்கள் ஊர்காவற்றுறையில் இதற்கு மேல் யாருக்கும் எதுவும் விளக்கத் தேவையில்லை.

சங்கத்தில் என்னோடு இருக்கும் மூத்த அக்காவும் நானும் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனோம். தீவிலிருந்து போகும் பாலத்து வீதி முழுக்க அக்கா துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்தப் பிள்ளையின் துண்டு வந்ததும் கை நின்றது.

“சிவப்போ? அந்த வீட்டுக்கோ?”

“பிள்ளை கேட்டிருக்குது.”

“பிள்ளைக்கு என்ன தெரியும். உமக்குத் தெரியாதோ?”

எனக்குத் தெரியும். செத்தவீடு நடந்த வீட்டில் அந்த வருசம் நத்தாருக்குப் பலகாரம் சுடமாட்டோம், நிறத்தில் புது உடுப்புப் போடமாட்டோம். எங்கள் அம்மா செத்த வருசம் நான் பழைய வெள்ளைச் சேலையோடுதான் பூசைக்குப் போனேன்.

கடையில் துணி மலை. சாமான் எடுத்துத் தந்த கடைப்பெண் நல்ல வாய்க்காரி. “வயசைச் சொல்லாதேங்கோ அக்கா, உயரத்தைக் கையால காட்டுங்கோ. உங்கட தீவுப் பிள்ளையள் வயசுக்கு வளர்றேல்லை” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் கையால் காட்டினேன். எனக்கே அந்த உயரம் குறைவாகத் தெரிந்தது.

கடைசியில் வெள்ளையில் மெல்லிய நீலப் பூப் போட்ட ஒரு சட்டையை எடுத்தேன். நீளக் கைதான். அந்தத் தாயை ஊர் வாயிலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குள் ஒரு திருப்தி. துண்டில் எழுதியிருந்ததையும் பாதியாவது செய்தேன்தானே.

பிள்ளைகளைக் கூப்பிட்டு மேடையில் வைத்துக் கொடுப்பதில்லை என்பது எங்கள் தீர்மானம். வீடு வீடாகப் போனோம். அந்த வீட்டில் தாய் கதிரைகளைத் துடைத்து இருக்கச் சொன்னாள். முப்பது வயது இருக்கும். பிள்ளை பொதியைப் பிரித்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு தாயைப் பார்த்தது.

“இது ஆர் எடுத்தது?” என்று தாய் கேட்டாள்.

“நான்தான் எடுத்தனான்.”

“பிள்ளை சிவப்பெல்லோ எழுதினவள்.”

“ஓம் தங்கச்சி. இந்த வருசம் எண்டபடியால்...”

“இந்த வருசம் என்ன?”

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

“முப்பத்தோராம் நாள் பூசைக்கும் பங்குச் சுவாமி வந்து கேட்டவர். செத்தவையின்ர பேரோட இவற்றை பேரை நான் குடுக்கேல்லை” என்றாள் தாய். குரல் உயரவில்லை. “எஞ்சின் நிண்டு இந்தியாப் பக்கம் இழுபட்டுப் போன ஆக்கள் எத்தினை பேர் அங்க சிறை மறியல்ல இருந்து வந்திருக்கினம். நாளைக்கு இந்த மனுசன் வந்து, ஏன் பிள்ளைக்கு வெள்ளை உடுத்தினனீ எண்டு கேட்டால், நீங்களோ அக்கா மறுமொழி சொல்லுவியள்?”

“எனக்கு இதுவும் விருப்பம் அம்மா” என்றது பிள்ளை.

“நீ பேசாமல் இரு.” சட்டையை மடித்து என் மடியில் வைத்தாள். “கோவிக்காதேங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

குடித்தோம். அப்படி ஒரு தேத்தண்ணியை நான் அதற்கு முன் குடித்ததில்லை.

சட்டையை மாற்றப் போகிறேன் என்றதும் அக்கா வர மறுத்துவிட்டார். “நீர் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் ஊர் வாயில போடப்போறீர்” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் என் மடியில் கிடந்த சட்டை, அந்த வீட்டுக்காரர் செத்துப்போனார் என்றல்லவா சொன்னது. அதை யார் என்னைச் சொல்லச் சொன்னது?

நத்தாருக்கு முதல் நாள் தனியே போனேன். கடையில் நிற்க இடமில்லை. சிவப்பில் அந்த அளவு முடிந்துவிட்டது. ஒரு அளவு பெரியதுதான் இருந்தது. வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். தாய் என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தாள்.

நத்தார்க் காலைப் பூசைக்குத் தாயும் பிள்ளையும் வந்தார்கள். கோயில் முழுக்க அந்தச் சிவப்புத்தான் தெரிந்தது. கை நீண்டு விரல்களை மூடியிருந்தது. எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள்.

“கட்டினவனைக் கடல் கொண்டுபோட்டுது. இஞ்சை கலியாணவீடு.”

“சட்டை ஆர் குடுத்ததாம்?”

“ஆரோ வெளிநாட்டுக்காரர். அவைக்கு இதுகள் விளங்குமே.”

நான் திரும்பவில்லை. நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. ஊர் வாய்க்கு நானும் பயந்தவள்தான்.

பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. எல்லோரும் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கை குவித்தார்கள். அந்தத் தாய்க்கு முன்வரிசை வாங்கில் நின்றவர்கள் திரும்பவில்லை. பிள்ளை கைகளைக் குவித்தபடி ஒவ்வொரு முதுகாகப் பார்த்தது. பிறகு பின்னால் திரும்பி என்னைக் கண்டது. குவித்த கையோடு, சட்டைக் கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிச் சிரித்தது.

எனக்குப் பின்னால் நின்ற இருவருக்கும் சட்டை யார் கொடுத்தது என்று விளங்கியிருக்கும். நான் கை குவித்தேன். பக்கத்தில் நின்ற அக்கா என்னைப் பார்க்காமல் மெல்லக் கேட்டார்:

“அவர் வராட்டி என்ன செய்வீர்?”

நான் குவித்த கையை இறக்கவில்லை. அந்த மனுசன் இன்றுவரை வரவுமில்லை.