மிளகாயோடு காய்ந்த சுருட்டு

பெரம்பலூர் பக்கம் லப்பைக்குடிக்காட்டில் ஒரு மொட்டை மாடி. பழைய வேட்டியை விரித்து, நான்கு மூலைக்கும் செங்கல் வைத்திருந்தார்கள். வேட்டி நிறையச் சிவப்பு மிளகாய். அந்த மிளகாய்க்கு நடுவே, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் வெகு ஒழுங்காகச் சுருட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

போன மாதம் நான் கண்ணால் பார்த்த காட்சி இது. சாதாரணச் சுருட்டு என்றால் எழுதியிருக்க மாட்டேன். அவை கடல் தாண்டி வந்தவை. ஒவ்வொன்றும் கையால் உருட்டியது. இடுப்பில் தங்க நிறத்தில் ஒரு காகித வளையம். 'லிமிடெட் எடிஷன்' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது.

எனக்கு முன்னால் படியேறிய நண்பர் காதர் அதைப் பார்த்தார். பார்த்த இடத்திலேயே, வெயிலில் கொதித்த படியில், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“போச்சு” என்றார். “சலீமோட விசா போச்சு.”

காதரும் நானும் திருச்சியில் ஒன்றாகப் படித்தவர்கள். நான் பத்திரிகைக்குப் போனேன், அவர் துபாய்க்குப் போனார். அங்கே சிமென்ட் இறக்குமதி செய்யும் ஓர் அரபி முதலாளியிடம் வேலை. முதலாளியை அவர் 'அர்பாப்' என்றுதான் சொல்வார். அரபிக்காரர்களிடம் வேலை பார்க்கும் எல்லோரும் சொல்கிற வார்த்தை. அவர் லீவில் வந்திருந்தார். வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார், போயிருந்தேன்.

சுருட்டுக்கு வருவோம். அந்தச் சுருட்டை ஏதோ ஒரு சின்னக் கம்பெனி பல வருடங்களுக்கு முன் கொஞ்சமாகச் செய்ததாம். உடனே விற்றுத் தீர்ந்துபோனது. அதோடு நிறுத்திவிட்டார்கள். அர்பாபும், அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் பெரிய அதிகாரியான அவருடைய பம்பாய் நண்பரும், அப்போது அதைச் சேர்ந்து குடித்திருக்கிறார்கள். பிறகு இருவரும் அதைத் தேடாத ஊர் இல்லை. இந்த வருடம் அந்தக் கம்பெனி மறுபடியும் கொஞ்சம் செய்து வெளியிட்டது. அர்பாபுக்குக் கிடைத்ததே ஒரே ஒரு பெட்டி. அதை நண்பருக்குக் கொடுத்துவிட முடிவு செய்து, ஊருக்குக் கிளம்பிய காதர் கையில் கொடுத்தார்.

“இது பத்திரமாப் போய்ச் சேரட்டும். உன் மச்சானுக்கு விசா எடுத்துடலாம்” என்றும் சொன்னார்.

மச்சான் என்பது காதரின் மனைவி ஜுலைகாவின் தம்பி சலீம். அர்பாபின் சிமென்ட் குடோனில் அவனுக்கு வேலை என்று பேச்சு. அந்தப் பேச்சை நம்பி, பெரம்பலூரில் பார்த்துக்கொண்டிருந்த ஹார்டுவேர் கடை வேலையை விட்டுவிட்டான். சொந்தக்காரர்கள் வீட்டில் பயண விருந்தும் சாப்பிட்டாகிவிட்டது. தெருவில் யார் பார்த்தாலும் “எப்பப்பா பயணம்?” என்றுதான் கேட்கிறார்கள். பாக்கி இருப்பது விசா ஒன்றுதான்.

அந்த விசாதான் மாடியில் மிளகாயோடு காய்ந்துகொண்டிருந்தது.

“ஜுலைகா!”

“வரேன் வரேன்... ஏன் இப்படிக் கத்துறீங்க? அண்ணன் வந்துருக்காங்க, என்ன நெனைப்பாங்க?” என்றபடி ஜுலைகா மேலே வந்தார்.

“இத யாரு இங்க காய வச்சது?”

“நாந்தான். மூடியத் தொறந்து பார்த்தேன். உள்ளார ஈரமா ஒரு பஞ்சு. எல்லாம் நமுத்துப் போயி சொதசொதன்னு இருந்துச்சு. ஏரோப்ளேன்ல தண்ணி பட்டுருச்சு போலன்னு...”

“அது ஈரமாத்தான் இருக்கணும்!”

“சுருட்டு ஈரமா இருந்தா எப்படிங்க பத்தும்?”

நியாயமான கேள்வி. மழைக்காலத்தில் பீடிக்கட்டை டீக்கடை பாய்லர் மேல் வைத்துச் சூடேற்றித் தருகிற ஊர்க்காரன் நான்.

காதர் படியில் உட்கார்ந்தபடியே விளக்கினார். உயர்ந்த சுருட்டு எப்போதும் லேசான ஈரப்பதத்தில் இருக்க வேண்டுமாம். பெட்டிக்குள் ஈரப்பஞ்சு வைப்பதே அதற்குத்தானாம். காய்ந்தால் வாசனை போய்விடும். பணக்காரர்கள் அதற்கென்றே தனி அலமாரி வைத்திருப்பார்களாம். கொளுத்திக் குடிக்கப்போகிற பொருளை நனைத்து வைக்க ஓர் அலமாரி! கேட்ட எனக்கு நிஜமாகவே தூக்கிவாரிப்போட்டது.

“இதையெல்லாம் வீட்டில் சொல்லலையா?” என்றேன்.

“பத்திரமா வைன்னு சொன்னேன்” என்றார் காதர்.

“நானும் பத்திரமாத்தானே வச்சேன்?” என்றார் ஜுலைகா.

யோசித்துப் பாருங்கள். இருவர் சொன்னதும் உண்மை. நெல், புளி, மிளகாய், துவரை, கல்யாணப் பட்டு... நம் வீடுகளில் எதைப் பத்திரப்படுத்துவதென்றாலும் முதலில் அதை வெயில் பார்க்க வைக்கிறோம். ஈரம்தான் எதிரி. அர்பாப் வீட்டில் வறட்சிதான் எதிரி. ஒரே 'பத்திரம்' — துபாயில் அதற்கு ஒரு பொருள், லப்பைக்குடிக்காட்டில் நேர் எதிர்ப் பொருள். நடுவில் வந்த காதர் வார்த்தையை மட்டும் கொண்டுவந்தார். பொருளை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டார்.

அதற்குள் சலீம் வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்தது. குனிந்து ஒரு சுருட்டை எடுத்தான். முறுக்கு மாதிரி நொறுங்கியது.

“ஐயையோ... சரி, ஒடைஞ்சது ஒடைஞ்சுருச்சு. எப்படித்தான் இருக்குன்னு பாத்துருவோம்” என்று மிச்சமிருந்த பாதியைப் பற்றவைத்தான்.

ஒரே இழுப்பு. கண் பிதுங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவன் இருமிய இருமலை நான் மறக்கமாட்டேன். அந்தப் புகையிலை மிளகாய் நெடியை முழுதாகக் குடித்திருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் தும்மல். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் வந்தது: “என்ன ஜுலைகா, யாருக்குக் கண்ணேறு கழிக்கிற? இந்த நெடி வருதுன்னா கண்ணேறே இல்ல, போ!”

அடுத்தது ரிப்பேர் படலம். இட்லிப் பானையில் ஆவி காட்டலாமா என்று கேட்டார் ஜுலைகா. காதர் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே முடிந்தது. கடைசியில் வெற்றிலைக் கட்டுக்குச் சுற்றுவது போல ஈரத்துணி சுற்றி வைத்தார்கள். மறுநாள் காலையில் இலை கொஞ்சம் இளகியிருந்தது. உருவம் திரும்பிவிட்டது. நெடி?

அது போகவில்லை.

“மூடிக் குடுத்துட்டு வந்துருவோம் மச்சான்” என்றான் சலீம். “அவரு எப்பவோ குடிக்கட்டும். இருமட்டும். அதுக்குள்ள நான் துபாய் போயிருவேன்.”

காதருக்கு மனசில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. “பெரிய எடம். இங்கிலீஷ் பேசணும். நீயும் வா” என்று என்னையும் இழுத்துக்கொண்டார். மூவரும் அரியலூர் பஸ் ஏறினோம். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி, பின்னால் சுண்ணாம்புக்கல் லாரி. வழி நெடுக வெள்ளைத் தூசி. சலீம் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டே வந்தான். இனி என்ன தூசி படப்போகிறது என்று எனக்குத் தோன்றியது.

ஆலையின் கெஸ்ட் ஹவுஸில் அதிகாரி அன்பாக வரவேற்றார். அறுபதை ஒட்டிய வயது, மெலிந்த உடம்பு. பெட்டியைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். மூடியில் இருந்த பெயரை விரலால் தடவினார். “திரும்பி வந்துவிட்டதா? இனி வராது என்று நினைத்தேனே...” என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தார்.

கட்டைவிரல் மூடியின் விளிம்புக்குப் போனது. சலீம் என் முழங்கையைப் பிடித்தான். பிடியில் நகம் இறங்கியது.

அதிகாரி விரலை எடுத்துவிட்டார்.

“வேண்டாம்” என்றார். “எனக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகிவிட்டது. புகையை விட்டுவிட்டேன். இப்போது திறந்தால், வாசனை என்னை விடாது.”

அப்பாடா என்று நாங்கள் மூச்சு விடுவதற்குள் அவர் போனை எடுத்தார். துபாய்க்குப் பேசினார். ஒரே சிரிப்பு, பழைய கதை. கடைசியில் அவர் சொன்னதை நான் சலீம் காதில் தமிழில் சொன்னேன்: “உன் ஆள் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தான். ஆனால் எனக்குக் கொடுப்பினை இல்லை. அவனிடமே திருப்பி அனுப்புகிறேன். எனக்கும் சேர்த்து நீ குடி.”

பெட்டி காதர் கைக்குத் திரும்பி வந்தது.

அந்த நேரத்தில் காதரின் முகத்தை யாராவது ஒரு போட்டோகிராபர் எடுத்திருந்தால், கீழே செய்தியே எழுத வேண்டியிருக்காது.

திரும்பும் பஸ்ஸில் சலீம் யோசனைகளாக வீசினான். “பஸ்ல தொலைஞ்சு போச்சுன்னு சொல்லுவோம்.”

“சுருட்டைக் கொண்டுபோனவன் சுருட்டிட்டான்னு சொல்லுவாரு” என்றார் காதர்.

“கஸ்டம்ஸ்ல புடிச்சுக்கிட்டாங்கன்னு...”

“வர்றப்ப விட்டவன் போறப்ப ஏன்டா புடிக்கிறான்?”

பத்திரிகை வேலையில் பொய்களை எடைபோட்டுப் பழகியவன் நான். ஒன்றுகூட நிற்கிற பொய்யாக இல்லை. இதில் இன்னொரு வேடிக்கை... நடந்த உண்மை அவற்றையெல்லாம்விட நம்ப முடியாததாக இருந்தது.

வீட்டில் ஜுலைகா முழுக்கதையையும் கேட்டார். “போன ஒடனே உள்ளத சொல்லிருங்க” என்றார்.

“ஒனக்கென்னக்கா, விசா எனக்குல்ல?” சலீம் வெடித்தான். “கடையில மறுபடியும் போயி நின்னா மொதலாளி சேத்துப்பாரா? ஊர்ல எவன் மூஞ்சில முழிப்பேன் நான்?”

“தெரியும்டா. நாந்தானே கெடுத்தேன்? ஒனக்கு நாந்தான் விசா கேக்கச் சொன்னேன், நாந்தான் கெடுத்தேன். அதுக்காக, குடுத்தவருக்கே இதக் குடுத்து மூச்சு முட்ட வைக்கச் சொல்றியா? இருமி இருமி அந்த மனுசனுக்கு ஒண்ணு ஆயிட்டா விசாவ யாருடா குடுப்பா? ஒன் மச்சானுக்கும் சேத்துல்ல வேலை போவும்!”

சலீம் சாப்பிடாமல் எழுந்து போனான். அக்காவிடம் அவன் பேசியது அதற்குப் பிறகு பல நாள் கழித்துத்தான் என்று கேள்வி.

லீவு முடிந்து காதர் கிளம்பினார். பெட்டியும் கிளம்பியது. என்ன ஆயிற்றோ என்று எனக்கு நிலைகொள்ளவில்லை.

போன வாரம் போன் வந்தது.

“சொல்லிட்டேன்ப்பா” என்றார் காதர்.

“என்ன சொன்னார்?”

“மொதல்ல நம்பல. நான் வெளையாடுறேன்னு நெனைச்சாரு. தொறந்து மூக்குகிட்ட கொண்டுபோனாரு. தும்முனாரு பாரு... ஆபீஸே திரும்பிப் பார்த்துருச்சு. அப்புறம் எண்ணிப் பார்த்துட்டு, 'ஊருக்குப் போன சாமான் கொறைஞ்சு வர்றது எனக்குப் பழக்கம். ஒண்ணு கொறைஞ்சு, கூடவே மொளகாயும் சேந்து வர்றது இதான் மொத தடவ'ன்னாரு. சிரிக்கல. ரெண்டு நாள் எங்கிட்டப் பேசவே இல்ல.”

“அப்புறம்?”

“மூணாம் நாள் கூப்புட்டு ஒரே கேள்வி: 'உன் சம்சாரம் ஏன் காய வச்சா?' 'எங்க வூட்ல ஈரத்தக் கண்டாலே பதறுவாங்க அர்பாப். நல்ல பொருள் எதுவா இருந்தாலும் வெயில்ல போட்டுத்தான் எடுத்து வைப்பாங்க'ன்னேன். 'அவ தம்பியும் அப்படித்தானா?'ன்னாரு. 'அவ வளர்த்த புள்ளதான்'னேன். 'எங் குடோன்ல இருக்குறவனுங்க ஏசித் தண்ணிய சிமென்ட் மூட்டை மேல ஒழுக வுட்டுட்டு, கட்டி தட்டுன பொறவு வந்து சொல்றானுங்க. அந்தப் பயல அனுப்பு'ன்னுட்டாரு!”

இன்டர்வியூவில் இப்படி ஒரு தகுதியை எந்த அதிகாரியும் கேட்டு நான் பார்த்ததில்லை. எந்தத் தப்பு விசாவைக் கெடுத்ததோ அதுவே போய் விசா வாங்கி வந்துவிட்டது. இதில் நீதி என்ன என்று கேட்காதீர்கள். ஜுலைகா உண்மையைச் சொல்லச் சொன்னதுகூட விசா கிடைக்கும் என்றா? போய்விடும் என்று தெரிந்துதான் சொன்னார்.

சலீமுக்கு அடுத்த மாதம் பயணம். அக்காவும் தம்பியும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். இல்லை, சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அந்த வீட்டில் இரண்டும் ஒன்றுதான்.

போனை வைக்கும் முன் எனக்கு ஒரு சந்தேகம். “மிச்சச் சுருட்டை என்ன செய்தார்? தூக்கிப் போட்டுவிட்டாரா?”

“தூக்கிப் போடுறதா? மேசை மேலயே வச்சுருக்காரு. வேண்டாத ஆளு எவனாவது வந்து எந்திரிக்காம ஒக்காந்துருந்தான்னா, சிரிச்ச மொகமா ஒண்ணு எடுத்து நீட்டுறாரு.”

துபாய் போகும் வாசகர்களே, அங்கே யாராவது உங்களுக்கு அபூர்வமான சுருட்டு என்று நீட்டினால்... சட்டென்று எழுந்து விடைபெற்றுக்கொள்ளுங்கள்.