கோமதிக்கு இணுவில் ஊரான கதை

மொன்றியலுக்குப் படிக்க வந்த முதல் வருடம், கிழமைக்கு ஒரு தடவை நான் கள்ளி இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆய்வுகூட அறிக்கை ஒவ்வொன்றின் முதற்பக்கத்திலும் ஒரு பெட்டி இருக்கும். இது முழுக்க என் சொந்த வேலை, இன்னொருவர் எழுதியதை நான் எடுக்கவில்லை, என்னுடையதை இன்னொருவருக்குக் கொடுக்கவுமில்லை என்ற கருத்தில் நாலு வரி. கீழே பெயர், திகதி, கையெழுத்து. முதற்தடவை அதைக் கண்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிழை செய்ய முன்னமே சந்தேகப்படுகிறார்களே, இதென்ன மரியாதை என்று நினைத்தேன். மூன்றாம் கிழமையிலிருந்து வாசிக்காமலே கையெழுத்துப் போடத் தொடங்கினேன். நான் செய்த பிழைகளில் முதலாவது அது.

மொன்றியலின் புறநகரான டொலார்ட்டில் மாமா வீட்டில் தங்கியிருந்தேன். மாமா அகதியாக வந்து இந்த ஊரில் பாதி ஆயுளைக் கழித்தவர். யூனிவேர்சிட்டிப் பக்கம் அவர் போனதில்லை, ஆனால் அதைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பஸ்ஸும் மெற்றோவும் மாறி வீடு வந்து, இங்கே பரீட்சையே குறைவு, கிழமைக்குக் கிழமை எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று நான் முறைப்பட்டால், "உதுக்கேன் பிள்ளை யோசிக்கிறாய்? வெள்ளைக்காரன்ர படிப்புத்தானே. நாங்கள் சின்னனிலயிருந்து பழகினது" என்பார். எனக்கும் அது சரியென்றே பட்டது. பிரித்தானியர் எங்களுக்கு விட்டுப்போனதும் படிப்புத்தான், இங்கே ஆங்கிலத்தில் நடக்கும் யூனிவேர்சிட்டி தருவதும் படிப்புத்தான். ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள் என்று எண்ணிக்கொண்டேன். ஒரே தாயின் பிள்ளைகள் எவ்வளவு வேறுபட்டு வளரலாம் என்று, தங்கையோடு பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூட முடிவில் நாங்கள் எழுதுகிற ஓ.எல்., ஏ.எல். பரீட்சைகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு வருடப் படிப்பு மூன்று மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். விடைத்தாளில் பெயர்கூட இல்லை, சுட்டெண் மட்டும்தான். திருத்துகிறவர் எங்கேயோ முன்பின் தெரியாத ஊரில் இருப்பார். மண்டபத்துக்குள் போய்விட்டால் நீ தனி ஆள்; பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்தாலே பிடரியில் ஒரு குரல் விழும். அங்கே நான் ஒரு எழுத்துக்கூடப் பார்த்து எழுதியதில்லை. ஆனால் அந்த வாசலைத் தாண்டும்வரை எல்லாருடைய கொப்பியும் எல்லாருக்கும் சொந்தம். யாழ்ப்பாணத்தில் ரியூசனுக்குப் போன நாட்களில் என்னிடம் இருந்த இரசாயனவியல் நோட்ஸ், எனக்கு மூன்று வருடம் முந்திப் படித்த ஓர் அக்காவுடையது. போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பி; ஓரமெல்லாம் கறுத்துப்போயிருக்கும். அவவின் பெயர் எனக்குத் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் "ல" எழுதும்போது வாலை இழுத்துவிடுகிற பழக்கம் தெரியும். கடினமான இடங்களில் "கவனம்!" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருப்பா. அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டுதான் நான் பரீட்சை பாஸ் பண்ணினேன். பிறகு என் நோட்ஸும் அப்படியே எங்கெங்கோ போனது. யார் யார் கைக்குப் போனதென்று நான் கேட்டதுமில்லை. கொடுப்பது ஒரு நல்ல காரியம் என்றுகூட அப்போது நினைக்கவில்லை, தண்ணீர் கேட்டால் கொடுப்பது மாதிரித்தான்.

கோமதி திருச்சிக்காரி. நீர்வளப் பொறியியல் வகுப்பில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழ். முதல் நாளே பக்கத்தில் வந்து இருந்து, "நீங்க பேசுறது கேட்க அவ்வளவு அழகா இருக்கு, ஆனா பாதிதான் புரியுது" என்று சிரித்தவள். சத்தமாகச் சிரிப்பாள், அளவில்லாமல் சாப்பிடுவாள், குளிருக்கு மட்டும் சின்னப்பிள்ளை மாதிரிப் பயப்படுவாள். கார்த்திகை மாதம், முதல் பனி விழுந்த கிழமை, அவளுடைய அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பகல் முழுக்கக் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டுகளில் இருந்தாள். அந்தக் கிழமைக்கான அறிக்கை தண்ணீரின் கடினத்தன்மை பற்றியது. அதில் கடைசிப் பகுதி, உங்கள் வாழ்க்கையில் நீங்கள் அறிந்த ஒரு நீர்நிலையோடு முடிவுகளை ஒப்பிடுக என்று கேட்டிருந்தது. நான் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான இணுவிலின் வீட்டுக் கிணற்றைப் பற்றி எழுதினேன். சுண்ணாம்புக்கல் நிலம், கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிற படிவு, சவர்க்காரம் நுரைக்காமல் அம்மா படுகிற பாடு எல்லாம் எழுதினேன். எனக்கே பிடித்த அறிக்கை அது. முடித்துவிட்டு, கோமதி கேட்காமலே அவளுக்கு அனுப்பினேன். "இதைப் பாத்து எழுதும். அப்பாவைக் கவனியும், இதுக்கெல்லாம் யோசிக்காதேயும்" என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன். இந்த இடத்தை அழுத்திச் சொல்கிறேன், அவள் கேட்கவில்லை.

நாலு நாள் கழித்துப் பேராசிரியர் லூக்கிடமிருந்து இருவருக்கும் மின்னஞ்சல் வந்தது, தனித்தனியாக வந்து பார்க்கச் சொல்லி. லூக் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே கேட்டுக்கொண்டவர். கியூபெக்காரர், பிரெஞ்சு வாடையடிக்கும் ஆங்கிலம். எனக்கு வாயில் ஊரில் பழகிய 'சேர்'தான் வந்தது. நான் முதலில் போனேன். போகும் வழியிலேயே கணக்குப் பார்த்துவிட்டேன். கோமதி ஏற்கெனவே ஓர் அறிக்கையில் தவறியிருந்தாள், இன்னொன்றும் போனால் அவளுக்குப் படிப்பில்லை, படிப்பில்லாவிட்டால் விசா இல்லை. எனக்கு நல்ல புள்ளிகள் இருந்தன. விழுந்தாலும் எழும்பலாம். ஆகவே கதிரையில் இருந்தவுடனே, "நான்தான் அவளுடையதைப் பார்த்து எழுதினேன், சேர்" என்று சொன்னேன். அவர் கோமதியின் அறிக்கையைத் திருப்பி என் பக்கம் வைத்தார். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம். வட்டத்துக்குள், "எனது ஊரான இணுவிலில்" என்று இருந்தது. பாவி, அதை வாசித்துக்கூடப் பார்க்காமல் போட்டிருந்தாள்.

"அப்படியென்றால் இணுவில் கோமதியின் ஊரா?" என்று கேட்டார்.

"ஓம், சேர்."

"உங்கள் ஊர்?"

"அதுவும் இணுவில்தான், சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சின்ன ஊரா?"

"சின்ன ஊர்தான், சேர்" என்றேன். எனக்கு வியர்த்துக் கொட்டியது. வெளியே சறுக்குகிற பனி, உள்ளே நான் ஸ்வெட்டர் நனைய இருந்தேன்.

அடுத்ததாகக் கோமதி போனாள். வெளியே வந்தபோது அவள் முகம் வீங்கியிருந்தது, என்ன சொன்னாய் என்று நான் கேட்கக் கேட்க விறுவிறென்று படியிறங்கிப் போய்விட்டாள். மறுநாள் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு அறிக்கைகளையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு சொன்னார். "ஒருவர் சொல்கிறார், நான் கோமதியைப் பார்த்து எழுதினேன் என்று. கோமதி சொல்கிறார், இவர் கை கழுவப் போன நேரம் இவருடைய கணினியைத் திறந்து நான் களவெடுத்தேன், இவருக்கு ஒன்றுமே தெரியாது என்று. இந்த அறையில் இத்தனை வருடமாக எல்லாரும் 'நான் இல்லை' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். 'நான்தான்' என்று இருவர் சண்டை பிடிப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்."

கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். வெட்கமாகவும் இருந்தது, அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. "பொய் சொல்வது இரண்டாவது குற்றம், இன்னொரு முறை கேட்கிறேன்" என்றார் லூக். உண்மையைச் சொன்னேன். நானாகத்தான் கொடுத்தேன், அவள் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றேன். ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. கொடுப்பதற்கு ஏன் என்று ஒரு காரணம் வேண்டுமென்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. "எங்கள் ஊரில் கொடுப்போம்" என்று மட்டும் சொன்னேன். அவர் கோமதியின் பக்கம் திரும்பி, மெதுவாக, "என்னிடம் கேட்டிருந்தால் ஒரு கிழமை தந்திருப்பேனே. இரண்டு கிழமைகூடத் தந்திருப்பேன். ஏன் கேட்கவில்லை?" என்றார்.

கோமதி விம்மி விம்மி அழத் தொடங்கினாள். ஆசிரியரிடம் போய் எனக்கு இன்னும் கொஞ்ச நாள் தாருங்கள் என்று கேட்கலாம் என்பது எங்கள் இருவர் மூளையிலும் உதிக்கவே இல்லை. நான் ஏ.எல். எழுதிய வருடம் எனக்கு டெங்கு. அம்மா ஓட்டோவில் கொண்டுபோய் மண்டப வாசலில் விட்டா, அங்கேயே நின்றா. பரீட்சை யாருக்காகவும் நிற்காது. அதிகாரியிடம் போய்க் கெஞ்சுவார்களா? பேராசிரியர் என்பவர் எங்களுக்குப் பரீட்சையின் ஆள். கூடப் படிக்கிறவள்தான் நம்முடைய ஆள். இங்கே அது தலைகீழ். ஆசிரியரிடம் எதையும் கேட்கலாம், பக்கத்தில் இருப்பவளிடம் எதையும் எழுதி வாங்கக் கூடாது. பரீட்சை மண்டபம் என்று தனியாக ஒன்று இல்லாததால் நாங்கள் இருக்கிற வீடே மண்டபம், மாமா வீட்டுக் குசினி மேசைதான் என் பரீட்சை மேசை. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று சொல்லவும் முடியாது. கையெழுத்துப் போட்ட பெட்டிக்குள் அதுதான் எழுதியிருந்தது.

விதிப்படி லூக் மேலிடத்துக்கு அறிவித்தார். மூன்று கிழமை தீர்ப்புக்காகக் காத்திருந்தோம். மாமா வீட்டில் ஒன்றும் சொல்லாமல், போட்டதைச் சாப்பிட்டு, இணுவிலுக்குத் திருப்பி அனுப்பினால் அப்பாவிடம் எந்த வார்த்தையிலிருந்து தொடங்குவது என்று யோசித்தபடி பஸ்ஸில் போய்வந்தேன். கடைசியில், அந்த அறிக்கைக்கு இருவருக்கும் பூச்சியம், கோப்பில் ஓர் எச்சரிக்கை, அதோடு முடிந்தது. லூக் எங்களுக்காக ஒரு கடிதம் எழுதியிருந்தார் என்றும், அதனால்தான் கோமதியின் படிப்புத் தப்பியது என்றும் பிறகு தெரிந்தது. கோமதியின் அப்பாவும் வீட்டுக்கு வந்துவிட்டார். கோமதி ஒரு மாதம் என் முகம் பார்க்காமல் திரிந்தாள். பிறகு ஒருநாள் தயிர்சாதத்தோடு வந்து இருந்து, "ஊர் பேரையாவது மாத்தியிருக்கலாம்ல நான்? காவிரித் தண்ணியில வளர்ந்துட்டு உங்க ஊர் கிணத்தைப் பத்தி எழுதியிருக்கேன் பாரு" என்றாள். இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் எழும்பிப் போய்விட்டார்கள். அதன்பிறகு லூக் சொல்லித்தந்த மாதிரியே படித்தோம். வாயால் எவ்வளவும் கதைக்கலாம், பலகையில் எழுதி விளங்கப்படுத்தலாம், முடிந்ததும் அழித்துவிட்டு அவரவர் தனியே போய் எழுத வேண்டும். கோமதி பட்டம் வாங்கி இப்போது கல்கரியில் வேலை பார்க்கிறாள். யார் ஊர் கேட்டாலும் முதலில் இணுவில் என்று சொல்லிவிட்டுத்தான் திருச்சி என்கிறாள்.

நான் இங்கேயே தங்கி, மேலே படித்துக்கொண்டு, அதே வகுப்புக்கு உதவி விரிவுரையாளராக அறிக்கைகள் திருத்துகிறேன். போன கிழமை, வவுனியாவிலிருந்து புதிதாக வந்திருக்கும் தர்சிகா வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்தாள். இரண்டு மாதமாகத்தான் இந்த ஊரில் இருக்கிறாள். கையுறையில் ஓட்டை, கண்ணில் நித்திரையில்லாத சிவப்பு. "அக்கா, உங்கட பழைய ரிப்போட்டுகள் இருக்குமெல்லோ? ஒருக்காத் தாங்கோவன், பாத்திட்டுத் திருப்பித் தாறன்." இருந்தது. கணினியில் ஒரு சொடுக்குத் தூரத்தில் இருந்தது.

"தரேலாது பிள்ளை. தந்தா ரெண்டு பேருக்கும் பிரச்சினை. இரும், சொல்லித் தாறன். நேரம் காணாட்டிப் பேராசிரியரிட்டக் கேளும், அவர் தருவார்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பவில்லை என்று பார்க்கத் தெரிந்தது. மூன்று மணித்தியாலம் பலகையில் எழுதி, கேள்வி கேட்டு, திரும்ப எழுதி விளங்கப்படுத்தினேன். கடைசியில் அவளுக்கு விளங்கிவிட்டது, அவளே சமன்பாட்டை முடித்துக் காட்டினாள். நன்றி அக்கா என்று வடிவாகச் சிரித்துவிட்டு வெளியே போனாள். நான் பலகையை அழிக்கத் தொடங்கினேன்.

பாதி அழித்திருப்பேன். கதவுக்கு அந்தப் பக்கம், நடையில் நின்று அவள் கைபேசியில் வீட்டுக்குக் கதைப்பது கேட்டது. "நல்ல அக்கா, அம்மா. இவ்வளவு நேரமா இருந்து சொல்லித் தந்தவா. ஆனா நோட்ஸ், ரிப்போட் ஒண்டும் குடுக்கமாட்டாவாம்." அந்தப் பக்கத்திலிருந்து அவளுடைய அம்மா என்ன சொன்னாவோ தெரியாது. தர்சிகா, "ஓம் அம்மா, யாழ்ப்பாணம்தான். ஆனா இஞ்ச வந்து கனகாலமாம்" என்றாள்.

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து, அப்படியில்லை பிள்ளை என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. அழுகையும் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் எதைப் பிழையென்று சொல்வது? கதவின் கைபிடியைப் பிடித்தபடி, அவள் கதைத்து முடித்துப் போகும்வரை உள்ளேயே நின்றேன்.