கெட்ட ராணிக்குக் குரல் கொடுத்தவள்

அவளுடைய பெயரைவிட அவளுடைய பட்டப்பெயர்தான் முதலில் என் காதில் விழுந்தது. ஒருநாள் என் தம்பி தட்டில் வைத்ததைத் தொடாமல் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

“அக்கா, எங்க ஸ்டுடியோவுல கெட்ட ராணினு ஒருத்தங்க இருக்காங்க. அவங்களைக் கட்டிக்கலாம்னு இருக்கேன்.”

“ஏன்டா, ஊர்ல நல்ல ராணி ஒருத்திகூடவா மிச்சம் இல்ல?”

“அது வேலைக்கு வச்ச பேருக்கா. ஆளு தங்கம்.”

தம்பிக்கு டப்பிங் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு வேலை. முதல் மனைவி கைக்குழந்தையை விட்டுவிட்டுக் கண்ணை மூடியதிலிருந்து நான் அவன் வீட்டோடு இருக்கிறேன். குழந்தையை வீட்டில் பொடிசு என்போம். அப்போது அவளுக்கு ஐந்து வயது.

வெளிநாட்டுக் கார்ட்டூன் படங்கள் நம் பாஷையில் வரும்போது, அதில் சூனியக்காரி, சீமாட்டி, சிற்றன்னை என்று எவளெவள் கெட்டவளோ அவளுக்கெல்லாம் குரல் கொடுப்பவள் இவள்தான். கட்டைக் குரல். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் அலமாரிக் கண்ணாடி அதிரும். எங்கள் சித்தப்பாவின் மூத்த மகளுக்கும் அப்படித்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அவளை வாயைத் திறக்கவே விட்டதில்லை. கல்யாணமான மறுநாள் அவள் பேசியதைக் கேட்டு மாமனார் எழுந்து வாசலைப் பார்த்தார், யாரோ ஆள் வந்திருக்கிறானோ என்று.

கல்யாணத்துக்கு முன்பு இவள் ஒருமுறை வீட்டுக்கு வந்தாள். தொண்டை கட்டி, பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த சமயம் அது. எல்லாம் சைகைதான். பொடிசுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. மடியில் ஏறி உட்கார்ந்து வளையலை எண்ணினாள். பேசாத பெண்ணை யாருக்குத்தான் பிடிக்காது!

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இருவரும் வீட்டுக்கு வந்தபோது, பொடிசு டிவி முன்னால் இருந்தாள். தினமும் பார்க்கிற அதே படம். திரையில் புருவத்தை உயர்த்திக்கொண்டு கறுப்பு அங்கியில் ஒரு ராணி, “என்னைவிட அழகானவள் இந்தக் கோட்டைக்குள் உயிரோடு இருப்பாளா?” என்று கர்ஜித்துக்கொண்டிருந்தாள்.

இவள் செருப்பைக் கழற்றிவிட்டு, “என்ன கண்ணு, சாப்பிட்டியா?” என்றாள்.

குழந்தை திரையைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். அடுத்த நொடி மேசைக்கடியில் இருந்தாள். வெளியே இழுக்க முடியவில்லை. தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

“ஏன்டா, இந்தப் படத்துல இவங்கதான் பேசியிருக்காங்கன்னு உனக்குத் தெரியாதா?” என்றேன்.

“நான்தான்கா ரெக்கார்ட் பண்ணேன்.”

“அப்ப உன் புத்தி எங்க போச்சு?”

அதற்குப் பிறகு இவள் ஊட்டினால் குழந்தை வாயைத் திறப்பதில்லை. இவள் சீப்பை எடுத்தால் ஓடிவிடுவாள். பார்த்தாள் இவள், ஒரு வேலை செய்தாள். வீட்டில் குரலை மாற்றிக்கொண்டாள். படத்தில் இளவரசிகள் பேசுவார்களே, மூக்கு நுனியில், தேனில் தோய்த்தெடுத்த மாதிரி. “செல்லம், பால் குடிக்கிறீங்களா?” என்பாள். தட்டில் ஆணியால் கீறுகிற மாதிரி இருக்கும் எனக்கு. அவளுக்கோ தொண்டை புண்ணானது. ஸ்டுடியோவில் கத்திவிட்டு வந்து வீட்டில் கீச்சிட்டால் தொண்டை என்ன இரும்பா?

ஒருநாள் பொடிசு என் காதருகே வந்தாள். “அத்தை, அவங்க ஏமாத்துறாங்க. படத்துலயும் அப்படித்தான். இளவரசியைப் பிடிக்கப் போறப்ப மட்டும் ராணி இப்படி மெல்லிசாப் பேசுவா.”

கதவுக்குப் பின்னாலிருந்து கட்டைக் குரல் வந்தது. “அந்த இடத்தைப் பேசினப்ப ஸ்டுடியோவுல எல்லாரும் கைதட்டினாங்க அண்ணி. நான் உருப்படுவேனா?”

துணி மடித்துக்கொண்டே அன்று என்னிடம் கொட்டித் தீர்த்தாள். “நீங்களே சொல்லுங்க. எத்தனை கெட்டவளுக்குப் பேசியிருக்கேன்! ஒருத்திக்காவது கன்னத்துல சதை உண்டா? எல்லாம் எலும்பு, கூர்மூக்கு, இல்லன்னா கதவுல நுழைய முடியாத உடம்பு. வயசானா கெட்டவ. கல்யாணம் ஆகலன்னா கெட்டவ. நாலு வார்த்தை சேர்ந்தாப்பல பேசினா ரொம்பக் கெட்டவ. நல்லவளுக்கு என்ன வேலை? ஜன்னல்ல நின்னு பாடணும், அழணும். இடுப்பு மோதிரத்துக்குள்ள நுழையும், கண்ணு மட்டும் சாஸர் சைஸ். கடைசில என் ஆளுங்க எல்லாரும் உயரத்துலேர்ந்து விழுந்து சாகணும். விழுற அலறல்தான் எனக்கு இருக்குறதுலயே கஷ்டம்.”

“ஒரு அம்மா வேஷம் கேளேன்.”

“கேட்டேனே! டைரக்டர் சிரிக்கிறார். ‘அம்மாவா? அவங்கதான் படம் ஆரம்பிச்ச உடனே செத்துடுவாங்களேம்மா, பேச என்ன இருக்கு’ங்கறார்.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சுவரில் என் தம்பியின் முதல் மனைவி படம் இருந்தது.

இந்தக் கூத்து பொடிசின் பெரியம்மா காதுக்கும் போயிற்று. இறந்துபோனவளின் அக்கா அவள், வெளியூரில் இருக்கிறாள். உருண்டை முகம், பஞ்சு மாதிரிக் கை, நல்ல மனசு. அவளைக் கெட்டவளாக எழுதினால் எனக்கும் அந்தக் கார்ட்டூன்காரனுக்கும் என்ன வித்தியாசம்? போனில் தம்பியிடம் அழுதாள். “பொறந்த வீட்டுலயே குழந்தை மேசைக்கடியில ஒளியுதாமே. லீவு விட்டதும் வந்து கூட்டிட்டுப் போறேன். இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துக்கறேன்.” தம்பி உம் கொட்டினான். அவன் எதற்கும் உம்தான் கொட்டுவான்.

இவளுக்கு முகம் செத்துவிட்டது. “பயந்துக்கிட்டே போயிட்டா, காலம்பூரா அது மனசுல நான் அந்த ராணிதான் அண்ணி,” என்றாள். அன்றோடு கீச்சுக் குரலை விட்டுவிட்டாள். “பயப்படுறதுன்னா என் சொந்தக் குரலுக்கே பயப்படட்டும்.”

லீவு நெருங்கியது. சாயங்காலங்களில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பிள்ளைகள் விளையாடும். அதே படம்தான் விளையாட்டு. இரண்டாம் மாடிக்காரரின் பெண் எப்போதும் இளவரசி. சிவப்பாக இருப்பாள், முடி இடுப்பு வரை. எங்கள் பொடிசுக்குக் கிராப்பு, மாநிறத்துக்கும் ஒரு மாற்றுக் கம்மி, முன்பல் இரண்டும் இல்லை. அதனால் ராணி வேஷத்தைப் பொடிசு தலையில் கட்டிவிட்டார்கள். பற்றாததற்கு, “உங்க வீட்டுலதான் ராணி இருக்காங்களே” என்ற கிண்டல் வேறு. ராணி மாதிரிச் சிரிக்கப் போனால் பொடிசுக்குப் பல் இல்லாத சந்தில் காற்று போகும். கூட்டம் முழுக்கக் கொல்லென்று சிரிக்கும்.

ஒருநாள் அழுத மூக்கோடு மேலே வந்து, அடுக்களை வாசலில் நின்றாள். உள்ளே இவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க கீழ வர்றீங்களா?” என்றாள் பொடிசு. தானாக இவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“எதுக்கு?”

“அந்த ராணிச் சிரிப்பு சிரிக்கணும்.”

“ஏன் கண்ணு, உனக்கு இளவரசி வேஷம் தரச் சொல்லி நான் கேக்கட்டுமா?”

“ஐய, இளவரசி சும்மா நிப்பா. நீங்க வந்து சிரிங்க, போதும்.”

இவள் சோப்புக் கையோடு என்னைப் பார்த்தாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகம். “விட்டாலும் இந்தச் சனியன் பிடிச்ச ராணி என்னை விடமாட்டா போலிருக்கே!” என்றபடி இறங்கிப் போனாள்.

மாடிப்படியில் நின்று ஒரு சிரிப்புச் சிரித்தாள். சைக்கிள் நிறுத்துமிடத்தில் தூங்கிய நாய் எழுந்து ஓடியது. இளவரசி அம்மாவைக் கூப்பிட்டு அழுதாள். மற்றதுகள் வாயைப் பிளந்து நின்றுவிட்டு, “இன்னொரு தடவை ஆன்ட்டி!” என்று கத்தின. பொடிசு இடுப்பில் கைவைத்து, “இது எங்க வீட்டு ராணி,” என்றாள். அதற்குப் பிறகு சாயங்காலம் ஆனால் போதும், இவளைப் படியில் நிற்கவைத்து உயரத்திலிருந்து விழுகிற அலறலைக் கேட்காமல் ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போகாது. “ஸ்டுடியோவுலயும் விழறேன், வீட்டுக்கு வந்தும் விழறேன்,” என்று இவள் புலம்புவாள்.

அப்படி ஒரு அலறலின் நடுவில்தான் பெரியம்மா பெட்டியோடு வந்து இறங்கினாள். வெலவெலத்துப்போனாள்.

“என்ன அண்ணி இது கண்றாவி! இதுக்கு நடுவுலயா குழந்தை வளருது? பொடிசு, வாம்மா, போலாம்.”

“வரல பெரியம்மா.”

“உனக்கு அவங்களைப் பார்த்தா பயமா இல்லையாடி?”

தம்பி உம் கொட்டக்கூட மறந்துவிட்டான்.

“பயமாத்தான் இருக்கு,” என்றாள் பொடிசு. “எனக்கு மட்டுமா? எல்லாருக்கும் பயம். அதனால இப்ப கீழ யாரும் என்னை ஒண்ணும் சொல்றதில்ல. நான் அங்க வந்துட்டா அங்க யாரு கத்துவா?”

“இன்னுமாடி பயப்படுற?” இவள் போட்ட சத்தத்தில் பெரியம்மா கையிலிருந்த பெட்டி கீழே விழுந்தது. பொடிசு இவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, “பாத்தீங்களா?” என்றாள், பெருமையாக.

பெரியம்மா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கேட்டாள். லீவு முழுக்க எங்களோடு இருந்துவிட்டுத் தனியாகத்தான் ஊருக்குப் போனாள்.

பொடிசு இப்போது ஏழாம் வகுப்பு. இவள் இன்னும் அதே ஸ்டுடியோவில்தான் இருக்கிறாள். நல்லவள் வேஷம் இதுவரை ஒன்றுகூடத் தரவில்லை. இந்த வாரம் ஒரு நீள நகக்காரிக்குப் பேசிக்கொண்டிருக்கிறாள்.